நம்ம அஞ்சலி போஸ்டர்ல என்ன வரி வரணும்?

அச்சுக்கூடம் எழுதியது:

வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல பிரஸ் நடத்துறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோயில் நோட்டீஸ் எல்லாம் வரும். ஆனா ஆடி, மார்கழின்னு பாக்காம வருஷம் முழுக்க வர்ற வேலை கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான்.

ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வரும். விடியறதுக்குள்ள சுவத்துல ஒட்டியாகணும். போட்டோ வாட்ஸ்அப்ல வரும். நிறையப் பேருக்குத் தனியா எடுத்த படமே இருக்காது. ஏதோ ஒரு கல்யாண வீட்டு குரூப் போட்டோல இருந்து தலையை வெட்டி எடுக்கணும், தோள் மேல கிடக்கற அடுத்த ஆளோட கையை அழிக்கணும். அப்புறம் 'பாடி' மாட்டணும். வெள்ளைச் சட்டையும் துண்டும் போட்ட உடம்பு ஒண்ணு, கோட் சூட் ஒண்ணு, பட்டுப்புடவை ஒண்ணுன்னு என் கம்ப்யூட்டர்ல அதுக்கு ஒரு ஃபோல்டரே இருக்கு. ஆயுசு முழுக்கக் கைலியோட திரிஞ்ச மனுஷன் செத்த அன்னிக்குத்தான் கோட் போடுவார்.

வாசகம் என்னன்னு கேட்டா, "நீங்களே நல்லதா ஏதாவது போடுங்கண்ணே"ம்பாங்க. அதுக்கும் ஒரு ஃபைல் உண்டு. 'ஆலமரம் சாய்ந்ததே', 'இமயம் சரிந்ததே', 'குலவிளக்கு அணைந்ததே'. எங்க ஊர்ல இமயம் எத்தனை தடவை சரிஞ்சிருக்குன்னு எனக்குத்தான் தெரியும். சண்டை எல்லாம் கீழ வர்ற பேர் வரிசைக்குத்தான். மூத்த மருமகன் முன்னாடியா, கவுன்சிலரா இருக்கற தம்பி மகன் முன்னாடியா? செத்தவரைப் பத்தின வரிக்கு யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்ல.

ஆனா போஸ்டர் ஓடி முடியற வரைக்கும் வாசல் பெஞ்சுல உக்காந்திருப்பாங்க இல்ல, அப்ப பேசுவாங்க. "எங்கப்பா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடாம ராத்திரி படுக்கவே மாட்டாருண்ணே." "அம்மா யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக் கொல்லையில ஒரு கறிவேப்பிலைக் கன்னு வெச்சிட்டுத்தான் வரும்." இதையே போடலாமேன்னு ஒருத்தர்கிட்ட கேட்டேன். "சும்மா இருங்கண்ணே, ஊர் சிரிக்கும்"னுட்டார்.

அதான் இங்க கேக்குறேன். உங்க போஸ்டர் வாசகத்தை நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போகலாம்னா என்ன எழுதுவீங்க? ஒரு வரி போதும். ஆலமரம் கூடாது.

சும்மாஇரு எழுதியது:

எனக்கு வரியும் வேண்டாம், போஸ்டரும் வேண்டாம். எரிச்சிட்டு வந்து குளிச்சிட்டு எல்லாரும் சாப்பிடுங்க. படத்தை மாட்டி, சீரியல் பல்பு போட்டு, பொட்டு வெச்சு... எதுக்கு?

எல்லாருக்கும் கொள்ளுப்பாட்டி நாலு பேர் உண்டு. அம்மா வழியில ரெண்டு, அப்பா வழியில ரெண்டு. அந்த நாலு பேரோட பேரையும் வீட்ல யாரையும் கேக்காம இங்க எழுதுங்க பார்ப்போம். நூறு வருஷம்கூட ஆகியிருக்காது. அதுக்குள்ள அவ்வளவுதான். இதுல நான் எப்படி நினைக்கப்படணும்னு உக்காந்து யோசிக்கிறது வெட்டி வேலை.

தேனிக்காரி எழுதியது:

எனக்கு ரெண்டு பேர் தெரியும். மிச்ச ரெண்டு பேர் தெரியாது. ரெண்டு தாத்தா வழியிலயும் கொள்ளுத்தாத்தா பேர் மட்டும் பட்டாவுல இருக்கறதால தெரியுது. யோசிச்சா கொஞ்சம் எரிச்சலாத்தான் இருக்கு.

காவிரிக்கரை எழுதியது:

சும்மாஇரு சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எப்படி நினைக்கப்பட வேண்டும் என்று நாம் திட்டம் போடலாம், நடப்பது வேறு. இதற்குப் பச்சையப்ப முதலியாரை விடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

அவர் இறந்தது 1794-ல். நாற்பது வயதுதான். துபாஷியாக, அதாவது வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வியாபாரத் தரகராகவும் இருந்து சேர்த்த பெருஞ்செல்வத்தை எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் மனத்தில் இருந்தது கோயில்கள், பூசை, அன்னதானம், காசி வரைக்கும் நீளும் தர்ம காரியங்கள். ஆனால் அவர் கண் மூடியதும் சொத்து வழக்கில் சிக்கிப் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்தது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஜார்ஜ் நார்ட்டன் என்ற வெள்ளைக்கார அட்வகேட் ஜெனரல் முன்னின்று முயன்றதில், அறக்கட்டளைக்கு ஒதுக்கியது போக மிஞ்சிய பணம் கல்விக்குத் திரும்பியது. 1842-ல் சென்னையில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். அதுதான் பின்னால் கல்லூரி ஆனது. ராமானுஜன் சிறிது காலம் படித்த இடம், அண்ணா படித்த இடம்.

இன்று பச்சையப்பன் என்ற பேரைக் கேட்டதும் யாருக்காவது காசியில் நடக்கும் பூசை நினைவுக்கு வருகிறதா? கல்லூரி நினைவுக்கு வரும். சென்னைக்காரர்களுக்கு மாணவர்கள் பஸ்ஸில் ஏறிக் கொண்டாடும் பஸ் டே கூட நினைவுக்கு வரும். செத்து ஐம்பது வருஷம் கழித்து, அவர் முகமே பார்த்திராத ஒரு வக்கீல் எடுத்த முடிவால் அவர் பெயர் நிற்கிறது. பாவம், அவரைக் கேட்டால் என்ன சொல்வாரோ!

நான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். என் வரி: 'போர்டில் எழுதினால் கடைசி பெஞ்சுக்கும் தெரியும்.' அது ஒன்றில் எனக்குக் கர்வம் உண்டு.

சும்மாஇரு எழுதியது:

சார், அப்ப நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்றீங்க? அவர் கேட்டது கிடைக்கல. கிடைச்சது அவர் கேட்டதில்ல.

காவிரிக்கரை எழுதியது:

கேட்டது கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது, கோயில் கட்டளைகளும் நடந்தன. நான் சொல்வது, அவர் எழுதிவைத்ததால்தான் நார்ட்டனுக்குக் கையில் ஒரு பிடி இருந்தது. எழுதாமல் போயிருந்தால் பங்காளிகள் தின்று தீர்த்திருப்பார்கள்.

தேனிக்காரி எழுதியது:

ஒரு வரின்னதும் எனக்கு எங்க பக்கத்துப் புலிமான்கோம்பைதான் ஞாபகம் வருது. வைகைக் கரையில இருக்கற ஊர். 2006-ல தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்காரங்க அங்க தமிழி எழுத்தோட, அதாவது பழைய தமிழ் பிராமி எழுத்தோட, நடுகல் கண்டுபிடிச்சாங்க. கிறிஸ்து பிறக்கறதுக்கு முந்தினது. அதுல ஒண்ணுல இருக்கற மொத்த வாசகமே இவ்வளவுதான்: "கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்." கூடலூர்ல மாடு பிடிச்ச சண்டையில செத்த, பேடு ஊர்த் தீயன் அந்தவனுக்கு நட்ட கல். முடிஞ்சது. சிங்கம், புலி, இமயம் எதுவும் கிடையாது. ஆள் யாரு, எந்த ஊரு, எதுல செத்தான். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல நிக்குது. அச்சுக்கூடம் அண்ணன் ஃபோல்டர்ல இந்த மாடல் ஒண்ணு சேத்து வெச்சுக்கலாம்.

திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர்ல மகேந்திரவர்மன் காலத்துக் கல்லு ஒண்ணு இருக்கு. அதுல மனுஷனோட சேத்து அவன் நாயையும் செதுக்கியிருக்காங்க. கள்ளனைக் கடிச்சுக் காத்து நின்ன நாய். அதுக்குப் பேர் இருக்கு, கோவிவன்னு.

இப்ப எரிச்சலுக்கு வர்றேன். நாய்க்குப் பேர் எழுதின நாட்டுல பொம்பளைக்கு எப்பக் கல் நட்டாங்க? புருஷன் கூட எரிஞ்சா நட்டாங்க. சதிக்கல். உயிரோட இருந்து பத்துப் பிள்ளை பெத்து வளத்தவளுக்குக் கல் கிடையாது. இன்னிக்கும் போஸ்டரைப் பாருங்க. 'அன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாயார்'னு பெரிய எழுத்துல, அவ பேர் அதுக்குக் கீழ. ஊர்ல இருக்கற சில போஸ்டர்ல அம்மா படத்தை விட அஞ்சலி செலுத்தற மகன் படம் பெருசு.

அச்சுக்கூடம் எழுதியது:

அது உண்மைதான்மா. காசு குடுக்கறவர் படம் பெருசா இருக்கும். 2017-ல உயிரோட இருக்கறவங்க படத்தை பேனர்ல போடக் கூடாதுன்னு ஹைகோர்ட் சொல்லுச்சு. பிரஸ்காரங்க எல்லாம் ஆடிப் போயிட்டோம். செத்தவரை மட்டும் போட்டா அந்த பேனரை வைக்க ஆளே வரமாட்டாங்களேன்னு. அந்த உத்தரவு அப்புறம் நிக்கல. 2019-ல பள்ளிக்கரணையில பேனர் விழுந்து ஒரு பொண்ணு செத்த பிறகுதான் ஃபிளெக்ஸ் கொஞ்சம் அடங்குச்சு. அதுவும் கொஞ்ச நாளைக்கு.

வடமராட்சியான் எழுதியது:

வணக்கம் உறவுகளே. கனடாவில இருந்து எழுதுறன். எங்கட பக்கத்தில போஸ்டரை விடப் பெரிய விசயம் கல்வெட்டு. தமிழ்நாட்டு ஆக்கள் கல்லில வெட்டினது எண்டு நினைக்க வேண்டாம், இது புத்தகம். செத்தவீடு முடிஞ்சு 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியத்துக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கிற நினைவு மலர்.

அதுக்கு ஒரு அடுக்கு இருக்கு. முன்னால படம். பிறகு தேவாரம், சிவபுராணம். பிறகு திதி வெண்பா, அதாவது ஆள் செத்த வருசம், மாதம், திதி எல்லாம் ஒரு வெண்பாவுக்குள்ள வரவேணும். எழுதித் தாறதுக்கெண்டே ஊரில புலவர்மார் இருந்தவை. பிறகு வாழ்க்கை வரலாறு. பிறகு புலம்பல்: மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். கடைசியில வம்சாவளியும் நன்றி நவிலலும். மருமக்கள் புலம்பலை வாசிச்சுச் சிரிக்காத ஆக்கள் ஊரில இல்லை. பத்து வருசம் மாமியோட கதை பேச்சில்லாத மருமகள் அதில "மாமி மாமி" எண்டு நாலு பாட்டுக்கு அழுதிருப்பா.

ஆனா நான் இந்தக் கல்வெட்டை லேசில விடமாட்டன். சில குடும்பங்கள் புலம்பலைக் குறைச்சுப்போட்டு, கிடைக்காத பழைய நூல் ஒண்டை மறுபதிப்பாப் போட்டுக் குடுத்திருக்கினம். வீட்டு வைத்தியம், ஊர் வரலாறு, கோயில் வரலாறு எல்லாம் இதுக்குள்ள கிடக்கு. நூலகம் எண்ணிம நூலகத்தில நினைவு வெளியீடு எண்டு போட்டுப் பாருங்கோ, குவிஞ்சு கிடக்கு. இடம்பெயர்ந்து, வீடும் ஆவணமும் போன சனத்துக்குத் தங்கட பரம்பரையைத் தேட மிஞ்சினது கனபேருக்கு இந்த வம்சாவளிப் பக்கம்தான். சும்மாஇரு கேட்ட நாலு கொள்ளுப்பாட்டியின்ர பேரும் எனக்குத் தெரியும். மனப்பாடம் இல்லை, அம்மப்பாவின்ர கல்வெட்டில இருக்கு.

இன்னொண்டும் சொல்லவேணும். கல்லை நம்பாதேங்கோ. எங்கட இடத்தில துயிலும் இல்லங்களை, அதாவது போரில செத்த போராளிகளைப் புதைச்ச இடங்களை, இடிச்சு உழுதவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள்ள இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை 2021 ஜனவரியில இரவோட இரவா உடைச்சவை, பிறகு பெடியள் விடாமல் நிண்டு திரும்பக் கட்டினது வேற கதை. ஆனா மே மாதம் வந்தால் சனம் கஞ்சி காய்ச்சிக் குடுக்குது. 2009இல போரின்ர கடைசி நாளுகளில முள்ளிவாய்க்காலில சனம் குடிச்ச அதே கஞ்சி. அரிசி, தண்ணி, உப்பு. ருசி ஒண்டும் இல்லை. அது ருசியா இருக்கவும் கூடாது. அதுக்கும் தடை போட்டுப் பார்த்தவை, ஆனா அடுப்பை எத்தினை இடத்தில போய் அணைக்கிறது?

என்ர வரி: 'கல்வெட்டில புலம்பல் போடவேண்டாம், வம்சாவளியில பொம்பிளையளின்ர பேர் முழுக்கப் போடவும்.' தேனிக்காரி அக்காவுக்காக.

தேனிக்காரி எழுதியது:

நன்றி அண்ணா. கஞ்சின்னதும் எங்க கம்பம் பள்ளத்தாக்கு. ஜனவரி 15 பென்னிகுவிக் பிறந்த நாள். பொங்கல் அன்னிக்கே வருது, ஊர் ஊரா அவர் படத்துக்கு முன்னாடி பொங்கல் வைக்கறாங்க. பிள்ளைங்களுக்கு அவர் பேர் வெச்ச வீடுங்க உண்டு. அவர் கட்டின முல்லைப் பெரியாறு அணை 1895-ல முடிஞ்சது. சொத்தை வித்துக் கட்டினார்ங்கற கதைக்கு ஆதாரம் உண்டா இல்லையான்னு ஆளாளுக்குச் சண்டை போடுறாங்க, எனக்கு அது முக்கியமில்ல. தண்ணி வருது. வயல்ல நிக்கிறவனுக்கு அது போதும். ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், தான் செத்து இத்தனை வருஷம் கழிச்சுத் தன் படத்துக்கு முன்னாடி ஒருத்தி குலவை போடுவான்னு கனவுல கூட நினைச்சிருக்க மாட்டார்.

சும்மாஇரு எழுதியது:

அணை கட்டினவன், வள்ளல், போர்ல செத்தவன். எல்லாம் பெரிய ஆளுங்க கதை. கேள்வி நம்மளைப் பத்தி. மாசம் சம்பளம் வாங்கி ஈஎம்ஐ கட்டிச் சாகப்போற ஆளுக்கு எதுக்கு நினைவுச் சின்னம்?

தேனிக்காரி எழுதியது:

சும்மாஇரு சார், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எதுவும் வேண்டாம்னு சொல்ல முதல்ல கையில ஏதாவது இருக்கணும். உங்க பேர் பட்டாவுல, ரேஷன் கார்டுல, பிள்ளைங்க இனிஷியல்ல எல்லாத்துலயும் இருக்கு. நீங்க தூக்கிப் போடறதுக்கு நிறைய இருக்கு. எங்கம்மாவுக்கு அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்ட கடைசி ஆள் அவங்க அக்கா. அவங்க செத்தப்புறம் எங்கம்மா எல்லாருக்கும் அம்மா, அத்தை, பாட்டி. அந்தப் பேரைச் சத்தமா யாராவது சொல்லிக் கேட்டு வருஷக் கணக்காச்சு.

சும்மாஇரு எழுதியது:

கோவம் இல்ல. ஆனா அதுக்கு மருந்து உயிரோட இருக்கும்போது பேர் சொல்லிக் கூப்பிடறதுதான், செத்தப்புறம் போஸ்டர் அடிக்கறது இல்லையே.

மட்டுறுத்துநர்:

போஸ்டரில் சாதிப் பட்டம் போடுவது பற்றி வந்த இரண்டு பதிவுகளும் அவற்றுக்கான பதில்களும் நீக்கப்பட்டுள்ளன. அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

நாகு_சிங்கை எழுதியது:

இங்க சிங்கப்பூர்ல கல்லறைக்கே கெடு இருக்குங்க. 1998-ல வந்த விதிப்படி சுவா சூ காங் இடுகாட்டுல புதைச்சா 15 வருஷம்தான். அதுக்கப்புறம் இடம் காலி பண்ணணும். தகனம் செய்ய மதம் அனுமதிக்கறவங்களோட எச்சத்தை எடுத்து எரிச்சிடுவாங்க, மத்தவங்களுக்குச் சின்ன இடத்துல மறு அடக்கம். வீட்டுக்கு 99 வருஷ லீஸ், குழிக்கு 15. ஆரம்பத்துல கேட்டப்ப எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. இப்ப நியாயமாத்தான் படுது. பதினைஞ்சு வருஷத்துக்கு மேல கல்லறைக்கு வர்றவங்க எத்தனை பேர்?

நான் ஐடி ஆளு. எனக்குத் தெரிஞ்ச சாவு ஏற்பாடு ஒண்ணு சொல்றேன். கூகுள் அக்கவுண்ட்ல செயல்படாக் கணக்குக்குன்னு ஒரு செட்டிங் இருக்கு. 3 மாசத்துல இருந்து 18 மாசம் வரைக்கும் நீங்களே கெடு வைக்கலாம். அதுவரைக்கும் நீங்க எட்டிப் பாக்கலேன்னா, நீங்க சொல்லி வெச்ச ஆளுங்களுக்கு, பத்துப் பேர் வரைக்கும், தகவல் போகும். போட்டோ, மெயில் எது எது யாருக்குன்னும் பிரிச்சுக் குடுக்கலாம். எல்லாத்தையும் அழிச்சிடுன்னும் சொல்லலாம், சும்மாஇரு அண்ணனுக்கு அதுதான் சரி. ஃபேஸ்புக்லயும் வாரிசு நியமிக்கலாம். அப்படிச் செய்யாம விட்டா என்ன ஆகும்னா, செத்தவர் சுவர்ல வருஷா வருஷம் "பல்லாண்டு வாழ்க"ன்னு கேக் படம் போடுவாங்க. என் பழைய ஆபீஸ்காரர் ஒருத்தருக்கு இப்பவும் நடக்குது. அவர் மனைவிக்கு பாஸ்வேர்ட் தெரியாது.

என் கவலை வேற. அப்பா அனுப்பின வாய்ஸ் மெசேஜ் எல்லாம் வாட்ஸ்அப்ல இருக்கு. போன் பேசற மாதிரியே ஆரம்பிப்பார். ரெண்டு இருமல், "ஹலோ... ஹலோ... நாகுவா?" அப்புறம் பதில் வராததால ஒரு நிமிஷம் காத்திருப்பார், அதுவும் பதிவாகியிருக்கும். முக்கியமான விஷயமே அதுக்கப்புறம்தான். மாத்திரை தீந்துபோச்சு, கேஸ் புக் பண்ணு, இவ்வளவுதான். அவர் எப்படி நினைக்கப்படணும்னு அவர் யோசிச்சாரான்னு தெரியாது. எனக்கு அந்தக் காத்திருக்கற ஒரு நிமிஷம்தான் அவர்.

காயல்காற்று எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். எங்க ஊர் மையவாடியில, அதாவது அடக்கஸ்தலத்துல, கபுருக்கு மேல நடற மீசான் கல்லுதான். பேர் இல்லாத கல்லும் நிறைய. ஆள் போன பிறகு அவன் அமல், அதாவது செயல் எல்லாம் நின்னுடும், மூணு மட்டும் தொடரும்னு ஹதீஸ் இருக்கு: நிலைச்சு நிக்கற தர்மம், அடுத்தவனுக்குப் பயன்படற கல்வி, அவனுக்காக துஆ (பிரார்த்தனை) கேக்கற நல்ல பிள்ளை. அதனால எங்க பக்கத்துல கிணறு வெட்டறது, மதரஸாவுக்கு எழுதி வைக்கறது எல்லாம் சாவு ஏற்பாட்டுல சேர்ந்தது.

எங்க வாப்பாவோட உம்மா நகையை வித்துக் கிணறு வெட்டினாங்க. பேர் போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. பேர் போட்டா நன்மை பாதியாயிடும்னு அவங்க எண்ணம். பேர் இல்லாததால ஜனங்க வேப்பமரத்துக் கிணறுன்னு கூப்பிட்டாங்க, மரம்தான் புகழ் வாங்கிச்சு. இப்ப குழாய்த் தண்ணி வந்தாச்சு, கிணத்தை மூடிக் கம்பி வலை போட்டாச்சு. எங்க சின்னாப்பா ஒருத்தர் "இப்பவாவது கல்லு வெச்சு உம்மா பேரைப் போடலாம்"ங்கறார். வாப்பா "வேண்டாம்னு சொன்னாங்க இல்ல"ங்கறார். ரெண்டு பெருநாளா வீட்ல இதே பேச்சு. கோயில் டியூப்லைட்ல வெளிச்சம் வெளிய வராத அளவுக்கு 'உபயம்' எழுதற கதையை இந்துச் சகோதரர்கள் சொல்லிச் சிரிப்பாங்க, எங்க மின்விசிறியிலயும் அது இருக்கு.

வெள்ளைக்கோட்டு எழுதியது:

நான் மருத்துவம் படிக்கிறேன். முதல் வருஷம் அனாட்டமி ஹாலுக்குள்ள, அதாவது தானமா வந்த உடலை அறுத்துப் படிக்கற இடத்துக்குள்ள, போறதுக்கு முன்னாடி எங்களுக்கு உறுதிமொழி உண்டு. டேபிள்ல இருக்கறவங்களை முதல் ஆசிரியரா மதிப்போம், உடலுக்கு மரியாதை குடுப்போம்னு. அவங்க பேர் எங்களுக்குச் சொல்ல மாட்டாங்க. ஃபார்மலின் நெடியில கண் எரியும், முதல் வாரம் சோத்துல கை வைக்க முடியாது, அப்புறம் பழகிடும்.

எங்க டேபிள்ல இருந்தது ஒரு பெரியவர். முன்கையில பச்சை குத்தின பேர் இருந்துச்சு. தமிழ்ல, கோணல் எழுத்துல, ஒரு பொண்ணு பேர். மனைவியா, மகளா, அம்மாவா, தெரியாது. முன்கை டிசெக்ஷன் வந்த அன்னிக்கு அந்தத் தோலை உரிச்சுத் திருப்பணும். எங்க பேட்ச்ல யாரும் கத்தியை எடுக்கல, மேடமே வந்து எடுத்தாங்க. நான் இன்னிக்கு ரத்தம் எடுக்க ஒருத்தர் கையில நரம்பு தேடறப்ப அந்தக் கைதான் மனசுல வருது. அவர் பேர் எனக்குத் தெரியாது. அவர் கையில ஒவ்வொரு நரம்பும் எங்க போகுதுன்னு தெரியும்.

சும்மாஇரு அண்ணா, எதுவும் வேண்டாம்னு நினைக்கறவங்க உடல் தானம் பத்தி யோசிக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி அனாட்டமி துறையில ஃபார்ம் குடுப்பாங்க, சாட்சிக் கையெழுத்து வேணும். ஆனா ஒண்ணு. நீங்க கையெழுத்துப் போட்டாலும், நீங்க போன பிறகு உடம்பைக் கொண்டு வந்து ஒப்படைக்கறது வீட்டுக்காரங்கதான். அவங்க மாட்டேன்னுட்டா கல்லூரி வந்து கேக்காது. போஸ்ட்மார்ட்டம் ஆன உடம்பு, சில தொற்று நோய் இருந்தவங்க உடம்பு எடுத்துக்க மாட்டாங்க. அதனால ஃபார்மை விட வீட்ல பேசறது முக்கியம். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரி 2024-ல இறந்தப்ப டெல்லி எய்ம்ஸுக்குக் குடுத்தாங்க, குடும்பம் உடனே குடுத்ததாலதான் நடந்துச்சு.

மூளைச்சாவுன்னா அது உறுப்பு தானம், வேற வழி. 2008-ல விபத்துல மூளைச்சாவு அடைஞ்ச ஹிதேந்திரன்ங்கற பையனோட உறுப்புகளைக் குடுக்க அவன் அப்பா அம்மா எடுத்த முடிவுக்கு அப்புறம்தான் தமிழ்நாட்டுல அது வீட்டுப் பேச்சாச்சு. 2023 செப்டம்பர்ல இருந்து உறுப்பு தானம் குடுத்தவங்களுக்கு அரசு மரியாதையோட இறுதிச் சடங்கு.

அச்சுக்கூடம் எழுதியது:

வீட்ல பேசறது முக்கியம்னு தங்கச்சி சொன்னதும் ஒருத்தர் ஞாபகம் வந்துட்டார். மளிகைக் கடை வெச்சிருந்தவர். நல்லா நடமாடும்போதே என் கடைக்கு வந்து, தன் போஸ்டருக்கு வாசகம் எழுதிக் குடுத்து, அட்வான்ஸும் குடுத்தார். தேதி மட்டும் காலி. வாசகம் இது: 'யாருக்கும் கடன் பாக்கி இல்லை. இருந்தால் மூத்தவனைக் கேட்கவும்.' போட்டோவும் அவரே குடுத்தார், பனியனோட தராசு முன்னாடி நிக்கறது. 'பாடி' மாட்டக் கூடாதுன்னு கண்டிஷன்.

அவர் போனதும் ராத்திரியே மகனுங்க வந்தாங்க. நான் ஃபைலைத் திறந்து காட்டினேன். மூத்தவர் படிச்சார், மூஞ்சி சுருங்கிப் போச்சு. "இதைப் போட்டா நாளைக்கு வாசல்ல க்யூ நிக்கும்"ங்கறார். சின்னவர் சிரிக்க ஆரம்பிச்சவர் அடக்க முடியாம வெளிய போயிட்டார், கொஞ்ச நேரத்துல அழுகைச் சத்தம் கேட்டுச்சு. கடைசியில என்ன அடிச்சோம்? ஆலமரம். வெள்ளைச் சட்டை, துண்டு. வாங்கின அட்வான்ஸைப் பில்லுல கழிச்சேன்.

காவிரிக்கரை எழுதியது:

அந்த மூத்த மகனை நான் குறை சொல்ல மாட்டேன். செத்தவருக்கு அது நகைச்சுவை; உயிரோடு இருப்பவருக்கு அது பொறுப்பு. அப்பா ஒரு வார்த்தை அவரிடம் முன்பே சொல்லியிருக்கலாம்.

வடமராட்சியான் எழுதியது:

அந்தப் பனியன் படம் இப்பவும் இருக்கோ? ஆண்டுத் திவசத்துக்கு எண்டாலும் அதைப் போடச் சொல்லுங்கோ. ஊர் சிரிச்சால் சிரிக்கட்டும், அவர் அதைத்தானே கேட்டவர்.

அச்சுக்கூடம் எழுதியது:

இருக்குண்ணே. சின்னவர் வந்து பென் டிரைவ்ல வாங்கிட்டுப் போனார். ஃப்ரேம் போடவா, எதுக்குன்னு நான் கேக்கல.

சும்மாஇரு எழுதியது:

சரி, வெள்ளைக்கோட்டு, உங்ககிட்ட ஒரு சந்தேகம். உடல் தானத்துக்கு வீட்ல ஒத்துக்க மாட்டா, எனக்குத் தெரியும். அவளை மீறி எதுவும் செய்யறதா இல்ல. கண்ணு மட்டும்னா சம்மதிப்பா. எனக்கு வயசு அறுபது தாண்டிடுச்சு, சக்கரை இருக்கு, கண்ணாடி போடறேன், ஒரு கண்ல புரை ஆபரேஷனும் ஆயிடுச்சு. எடுத்துப்பாங்களா?

வெள்ளைக்கோட்டு எழுதியது:

எடுத்துப்பாங்க அண்ணா. வயசு, சக்கரை, கண்ணாடி, புரை ஆபரேஷன் எதுவும் தடையில்ல. எடுக்கறது கருவிழி, அது நல்லா இருந்தா போதும். உயிர் போய் 6 மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், அதனால பக்கத்துல இருக்கற கண் வங்கி நம்பரை இப்பவே அவங்க போன்ல சேவ் பண்ணி வெச்சிடுங்க. வீட்டுக்கே வந்து எடுப்பாங்க, முகம் மாறாது. அவங்க வர்ற வரைக்கும் ரெண்டு இமையையும் மூடி ஈரப் பஞ்சு வைக்கணும், தலைக்குத் தலையணை வெச்சு உயர்த்தணும். முக்கியமா ஃபேனை நிறுத்தணும், இல்லேன்னா கருவிழி காஞ்சுடும். வீட்ல கூட்டம் சேர்ந்ததும் யாராவது ஒருத்தர் புழுங்குதுன்னு ஃபேனைப் போட்டுவிடுவாங்க, அதை மட்டும் அக்காகிட்ட ரெண்டு தடவை சொல்லி வைங்க.